கடவுளுக்கு முன்னாடியே தெரியும்னா மாமா எதுக்கு கையெழுத்து போடணும்

எங்க மாமாவுக்கு எர்னியா. குடலிறக்கம்னு சொன்னா அவருக்கு சட்டுனு புரியாது, எர்னியான்னா புரியும். ரெண்டு வருஷமா தொடை இடுக்குல எலுமிச்சம்பழம் சைஸ்ல ஒரு வீக்கம், படுத்தா உள்ள போயிடும், எழுந்து நின்னா வெளிய வந்துடும், இருமினா கையால அழுத்திப் புடிச்சிக்குவாரு. குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டினவரு, இப்ப பசங்க பாத்துக்கறாங்க. வேலூர்ல காட்டினப்ப டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு, இப்ப பண்ணா சின்ன ஆபரேஷன், ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு போயிடலாம், தள்ளிப் போட்டு குடல் அங்கியே மாட்டிக்கினு ரத்த ஓட்டம் நின்னுட்டா ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வரணும், அப்ப குடல்லயே கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டி வரலாம்னு. சம்மத பேப்பர வீட்ல பேசிட்டு போட்டு எடுத்துட்டு வாங்கன்னு குடுத்தாங்க. மாமா என் கடையில உக்காந்து பேனாவ வாங்கினாரு, மூடிய தொறந்தாரு, திரும்ப மூடி என் கையிலயே குடுத்துட்டாரு.

"நான் எப்ப போவேன்னு அவனுக்கு தெரியும்டா மாப்ள. அவனுக்கு தெரிஞ்சது மாறுமா? மாறாதுல்ல? அப்பால நடுவுல டாக்டரு இன்னா பண்ணப் போறாரு, நான் இன்னா பண்ணப் போறேன்."

சத்துவாச்சாரியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவனுக்கு இதுக்கு என்னா பதில் தெரியும் சொல்லுங்க. ஆனா கரண்ட் போனா உக்காந்து படிக்கற ஆளு நான், அதனால இந்த கேள்விக்கு உலகத்துல யார் யார் என்னா பதில் சொல்லிருக்காங்கன்னு தேடிப் பாத்து, ஒவ்வொண்ணையும் மாமா மேல போட்டுப் பாத்தேன். நான் பாத்தது மூணுதான், கடவுளோட அறிவு கொறையக் கூடாது, முடிவு மாமாவோட முடிவாவே இருக்கணும், கடைசியில பேப்பர்ல கையெழுத்து விழணும்.

மொதல்ல எல்லாரும் சொல்ற ஈஸியான பதில். தெரியறது வேற, நடக்க வைக்கறது வேற. அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல 42 டிகிரின்னு போன் காட்டுது, போன் காட்டினதுனாலயா வெயில் அடிக்குது? நாலாம் அஞ்சாம் நூற்றாண்டுல ஆப்பிரிக்காவுல பிஷப்பா இருந்த அகஸ்டின் இதையே ஞாபகத்த வெச்சு சொன்னாரு, நேத்து நடந்தத நீ ஞாபகம் வெச்சிருக்கறதுனால அது நடக்கல, அதே மாதிரி கடவுள் நாளைக்கு நடக்கப் போறத தெரிஞ்சு வெச்சிருக்கறதும் நாளைய கட்டாயப்படுத்தாதுன்னு. நல்ல பதில். நானும் இத்தோட கடைய மூடிடலாம்னு நெனச்சேன்.

ஆனா மாமாவோட கேள்விய சரியா கேட்டா அது இந்த பதில்ல அடங்கல. அவரு "தெரியறதுனால நடக்குது"ன்னு சொல்லவே இல்ல. அவரு சொன்னது இது, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே, 64 வருஷத்துக்கு முன்னாடியே, இந்த பேப்பர்ல நான் கையெழுத்து போடுவனா மாட்டனான்னு அவனுக்கு தெரியும். அந்த 64 வருஷத்துக்கு முந்தின விஷயத்த இன்னிக்கு யாராலயும் மாத்த முடியாது, போனது போனதுதான். அவனுக்கு தப்பாவும் தெரியாது. அப்ப போட மாட்டேன்னு அவனுக்கு தெரிஞ்சிருந்தா நான் எப்படி போட முடியும்? அமெரிக்காவுல நெல்சன் பைக்னு ஒருத்தர் 1965ல இதே விஷயத்த ஜோன்ஸ்னு ஒருத்தன் புல்லு வெட்டறத வெச்சு எழுதினாரு, 80 வருஷத்துக்கு முன்னாடியே கடவுள் நம்பிட்டாருன்னா ஜோன்ஸ் அன்னிக்கு புல்லு வெட்டாம இருக்க முடியுமான்னு. ஜோன்ஸுக்கு புல்லு, எங்க மாமாவுக்கு எர்னியா. ரெண்டு பேரும் மாட்டிக்கினது "முன்னாடியே"ங்கற ஒத்த வார்த்தையில.

அந்த வார்த்தையில கைய வெச்சவரு போயீதியஸ். ரோமாபுரிக்காரரு, 524 வாக்குல மரண தண்டனைக்கு காத்துக்கினு ஜெயில்ல உக்காந்து யோசிச்சிருக்காரு, அந்த நெலமையில இத யோசிக்கறதுக்கே தனி மனசு வேணும். அவரு சொன்னது, கடவுளுக்கு முன்னாடி பின்னாடியே கெடையாது, நம்மளுக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வர்ற காலம் மொத்தமும் அவருக்கு ஒரே பார்வையில கண்ணு முன்னாடி இருக்குது. அதனால அது முன்கூட்டி தெரியறது கெடையாது, பாக்கறது. ஒருத்தன் நடந்து போறத நீ பாத்தா உன் பார்வை அவன புடிச்சு தள்ளுதா? பின்னாடி 13ம் நூற்றாண்டுல வந்த தாமஸ் அக்வினாஸ் இத உசரத்துல நின்னு ரோட்ட பாக்கற மாதிரின்னு சொன்னாரு. நம்ம ஊர்ல சொல்லணும்னா சஜ்ஜரா மலை மேல ஏறி நின்னா பாலாத்து பாலம் தெரியும், காட்பாடி போற பஸ்ஸு தெரியும், பாலத்து மேல போறவனுக்கு முன்னாடி இருக்கற லாரி மட்டும்தான் தெரியும், மேல நிக்கறவனுக்கு மொத்த டிராபிக்கும் தெரியும். எனக்கு இது ரொம்ப புடிச்சிருந்தது, ரெண்டு நாள் இதுலயே இருந்தேன்.

எங்க இடிக்குதுன்னா, மலை மேல நிக்கறவன் சும்மா பாத்துக்கினு இருந்தா ஓகே, அவன் கீழ இருக்கறவனுக்கு போன் பண்ணி "நீ அடுத்த சிக்னல்ல லெப்ட்ல திரும்புவ"ன்னு சொல்லிட்டா? எங்க வீட்டு ஓனரம்மா டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, சர்ச்சுக்கு வாரம் தவறாம போறவங்க, அவங்கதான் இத எடுத்து குடுத்தாங்க. சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவ என்ன தெரியாதுன்னு சொல்லுவன்னு இயேசு பேதுருகிட்ட ராத்திரியே சொல்லிட்டாருல்ல. சொல்லிட்டா அது காலத்துக்குள்ள வந்துடுச்சு, ராத்திரி சாப்பாட்டு நேரத்துல நடந்த ஒரு பேச்சா ஆயிடுச்சு, திரும்ப எடுக்க முடியாது. அப்ப பேதுரு விடியக்காலையில என்னா பண்ணிருக்க முடியும்? கடவுள் வாயே தொறக்காத வரைக்கும்தான் போயீதியஸ் செல்லும், ஆனா நம்ம ஊரு சாமிங்க எல்லாம் வாய தொறக்கற சாமிங்க, அருள் வந்தா அடுத்த ஆடிக்கு என்னா நடக்கும்னு சொல்லிட்டுத்தான் மலையேறும்.

அடுத்தது ஓக்கம், 14ம் நூற்றாண்டு இங்கிலாந்து சாமியாரு. அவரு "போனது போனதுதான்"ங்கறதுலயே கைய வெச்சாரு. போன விஷயம் எல்லாம் ஒரே ஜாதி இல்லன்றாரு. இத புரிஞ்சிக்க எனக்கு கோட்டைதான் உதவி பண்ணுச்சு. 1806 ஜூலை 10ம் தேதி விடியறதுக்கு முன்னாடி வேலூர் கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க எழுந்தாங்க, இது நடந்து முடிஞ்ச விஷயம், கல்லு மாதிரி. இப்ப இன்னொரு வாக்கியம், "வேலூர் சிப்பாய் புரட்சி வடக்க நடந்த பெரிய புரட்சிக்கு 51 வருஷம் முன்னாடி நடந்தது." இதுவும் 1806 பத்தினதுதான், ஆனா 1857ல மீரட்டுல அவங்க எழுந்தாத்தான் இது உண்மை. 1857ல அவங்க சும்மா இருந்திருந்தா 1806 பத்தின இந்த விஷயமே இருந்திருக்காது. அப்ப பழசு மாதிரி தெரியற சில விஷயத்தோட வேரு பின்னாடி வர்றதுல இருக்குது. "64 வருஷத்துக்கு முன்னாடி கடவுளுக்கு தெரியும்"ங்கறது இந்த ரெண்டாவது ரகம், மாமா இன்னிக்கு என்னா பண்றாரோ அதுதான் அந்த அறிவுக்கு வேரு, அவரு போட்டா போடுவாருன்னு தெரிஞ்சிருக்கும், போடலன்னா போட மாட்டாருன்னு தெரிஞ்சிருக்கும். 1986ல ஆல்வின் பிளாண்டிங்கான்னு ஒரு அமெரிக்க தத்துவக்காரரு இத தூசி தட்டி எடுத்து புதுசா ஓட்டினாரு.

வாதமா பாத்தா எனக்கு இதுதான் கெட்டி. ஒரே உறுத்தல், கடவுளுக்கு அப்பவே தெரியும்னா அந்த தெரிதல் அப்பவே முழுசா இருந்திருக்கணும்ல, நம்ம 1857 வந்து 1806க்கு பேரு வைக்கற மாதிரி அவரு அறிவுக்கு நான் இன்னிக்கு பேரு வைக்கறனா? இத மாமாகிட்ட சொன்னேன், கோட்டை உதாரணம் வரைக்கும் நல்லா கேட்டாரு, அதுக்கப்புறம் "டீ சொல்லேன்"னாரு.

மோலினாவ பத்திதான் நெறைய சொல்லணும், ஏன்னா அதுலதான் கூத்து இருக்குது. லூயிஸ் டி மோலினா, ஸ்பெயின் நாட்டு சேசு சபை சாமியாரு, 1588ல எழுதினாரு. கடவுளுக்கு என்னா நடக்கப் போவுதுன்னு மட்டும் இல்ல, எந்த நெலமையில யார கொண்டு போய் வெச்சா அவன் தானா என்னா முடிவு எடுப்பான்னும் தெரியும்னு சொன்னாரு. அப்ப அவரு யாரையும் கட்டாயப்படுத்த வேணாம், நெலமைய மட்டும் அமைச்சா போதும். இதுக்கு டொமினிக்கன் சபைக்காரங்க எதிர்ப்பு, ரோமுல வருஷக்கணக்கா வாதம் ஓடி, 1607ல போப் ஐந்தாம் பவுல் யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லாமலே முடிச்சு வெச்சாரு, ரெண்டு பேரும் அவங்கவங்க கருத்த வெச்சிக்கலாம், ஒருத்தர ஒருத்தர் மதத் துரோகின்னு திட்டாதீங்கன்னு. நம்ம ஊரு பஞ்சாயத்து மாதிரியே இருக்குதுல்ல.

மாமாவுக்கு மோலினா எதுக்கு, கிருஷ்ணன் இருக்காருல்ல. எங்க பக்கம் தர்மராஜா கோயில்ல பாரதக் கூத்து வெச்சா மாமா பாய் எடுத்துக்கினு போயி விடிய விடிய உக்காருவாரு. கிருஷ்ணன் தூங்கற மாதிரி படுத்திருக்காரு, துரியோதனன் வந்து தலைமாட்டுல உக்காந்தான், அர்ஜுனன் கால்மாட்டுல நின்னான். கண்ண தொறந்ததும் மொதல்ல பட்டது அர்ஜுனன். ஒரு பக்கம் சேனை மொத்தம், ஒரு பக்கம் ஆயுதம் எடுக்காத நான், கேளுன்னாரு. அர்ஜுனன் அவர கேட்டான், துரியோதனன் சேனை கெடச்சதேன்னு சந்தோஷமா போனான். யாரையும் யாரும் தள்ளல, ரெண்டு பேரும் ஆசப்பட்டத வாங்கிட்டாங்க, ஆனா இவனுக்கு இப்படி வெச்சா இதத்தான் எடுப்பான்னு அந்த படுத்திருந்த ஆளுக்கு தெரியும். மோலினா சொன்னது இதான்!

சொன்னதும் மாமா சிரிச்சாரு. "அதத்தான்டா நானும் சொல்றேன், எல்லாம் அவன் ஆட்டம். துரியோதனன் பாவம்."

அங்கதான் மோலினா விழுந்தாரு எனக்கு. கெட்டிக்காரத்தனமான பதில், கடவுளோட அறிவும் நிக்குது, முடிவும் நம்மளுதா நிக்குது, ஆனா கடைசியில கடவுள் ஒரு பெரிய செட்டிங் மாஸ்டரா மாறிடறாரு, யார எங்க நிறுத்தினா எங்க விழுவான்னு தெரிஞ்சு நிறுத்தறவரு. அப்புறம் இன்னொண்ணு, மாமா எடுக்காத முடிவு, நடக்காத நெலம, இத பத்தின உண்மை எங்க இருந்து வருது? மாமா குடியாத்தத்துல பொறக்காம ஆம்பூர்ல பொறந்து தோல் கம்பெனியில வேல செஞ்சிருந்தா கையெழுத்து போட்டிருப்பாரா? இதுக்கு ஒரு பதில் இருக்குதுன்னு நம்பினாத்தான் மோலினா ஓடும். எனக்கு அப்படி ஒரு பதில் எங்கயும் எழுதி வெச்சிருக்கும்னு தோணல.

நடுவுல ஒரு கோஷ்டி, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, கடவுளுக்கு நாளைய முடிவு முழுசா தெரியாதுன்னு ஒத்துக்குவோமேன்னாங்க. 1994ல அமெரிக்காவுல அஞ்சு பேர் சேர்ந்து புக்கே போட்டாங்க. இன்னும் நடக்காததுல தெரிஞ்சிக்க எதுவும் இல்ல, அதனால தெரியலங்கறது கொறையும் இல்லங்கறது அவங்க வாதம். ஓனரம்மாவுக்கு இது சுத்தமா புடிக்கல, ஆனா இவங்களுக்கு சாதகமான கதைய அவங்களேதான் சொன்னாங்க. எசேக்கியா ராஜா சாகக் கெடக்கறப்ப ஏசாயா தீர்க்கதரிசி வந்து நீ பொழைக்க மாட்டன்னு சொல்லிட்டு போயிடறாரு, ராஜா சுவத்து பக்கம் திரும்பி அழறாரு, தீர்க்கதரிசி முத்தத்த தாண்டறதுக்குள்ள திரும்ப போ, 15 வருஷம் கூட்டி குடுத்தேன்னு சொல்லுன்னு வாக்கு வருது. அதுக்கப்புறம் ஏசாயா அத்திப்பழத்த அடையா பண்ணி புண்ணு மேல வைங்கன்றாரு. 15 வருஷம்னு கடவுளே சொன்னப்புறமும் மருந்து கட்டிருக்காங்க பாருங்க, இத நான் பென்சில்ல குறிச்சு வெச்சிக்கிட்டேன். மாமாகிட்ட "சாமிக்கு தெரியாம இருக்கலாம்"னு ஆரம்பிச்ச உடனே மொறச்சாரு. "தெரியாதவனுக்கு எதுக்குடா கற்பூரம் ஏத்தணும்." அந்த ஆப்ஷன் அங்கயே முடிஞ்சுது.

இன்னொரு பக்கம் சுதந்திரத்த விட்டுக் குடுத்தவங்க இருக்காங்க. ஜெனீவாவுல கால்வின்னு ஒரு கிறிஸ்தவ போதகரு, எல்லாம் கடவுள் தீர்மானம்னு. நம்ம பக்கத்துல புத்தர் காலத்து மக்கலி கோசாலர், எல்லாம் விதின்னு சொன்ன ஆசீவக மதத்துக்காரரு, நூல்கண்ட எறிஞ்சா அது எவ்ளோ நீளமோ அவ்ளோதான் ஓடும், அறிவாளியும் முட்டாளும் ஓடி முடிக்கத்தான் வேணும்னாரு. தறிக்காரருக்கு இது சொல்லாமலே புரியும். "நீர்வழிப் படூஉம் புணைபோல்"னு கணியன் பூங்குன்றன் சொன்னதும் கிட்டத்தட்ட அந்த தெச. வள்ளுவர் என்னாடான்னா ஊழிற் பெருவலி யாவுளன்னு 380ல கேட்டுட்டு, 620ல ஊழையும் உப்பக்கம் காண்பர்னு முதுகு காட்டி ஓட வைக்கறாரு, பட்டிமன்றக்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் சம்பாத்தியம். இவங்களோட எனக்கு சண்ட இல்ல, ஆனா எல்லாம் எழுதினதுன்னா டாக்டர்கிட்ட போறதும் எழுதினதா இருக்கலாமேங்கற கேள்வி அங்கயும் மிச்சம் இருக்குது.

அந்த கேள்விய 2,200 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டுட்டாருன்னு தெரிஞ்சப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுது, அதுவும் டாக்டர் உதாரணத்தோடவே. கிரேக்கத்துல இதுக்கு சோம்பேறி வாதம்னு பேரு. நீ பொழைக்கணும்னு விதி இருந்தா டாக்டர கூப்ட்டாலும் கூப்டலனாலும் பொழைப்ப, சாகணும்னு இருந்தா கூப்ட்டாலும் சாவ, அதனால டாக்டர கூப்டறது வேஸ்ட்டு. அப்படியே எங்க மாமா! கிரைசிப்பஸ்னு ஒருத்தர், அவரு விதிய நம்பறவருதான், ஆனா இந்த வாதத்த ஒத்துக்கல. பொழைக்கறது தனியா விதிக்கப்படல, டாக்டர கூப்ட்டு பொழைக்கறதுன்னு சேத்துத்தான் விதின்னாரு. புள்ள பொறக்கும்னு விதி இருக்குதுன்னு கல்யாணமே பண்ணாம உக்காந்தா புள்ள பொறக்குமா.

மேல்விஷாரத்துல இருந்து கடைக்கு வர்ற பாய் ஒருத்தர் இத இன்னும் சுருக்கா சொன்னாரு. கலீபா உமர் சிரியா பக்கம் போறப்ப அங்க கொள்ளை நோயின்னு சேதி வருது, 639 வாக்குல, அவரு திரும்பிடலாம்னு முடிவு பண்றாரு. அவரோட தளபதி அபூ உபைதா கேக்கறாரு, அல்லாஹ்வோட விதியில இருந்தா ஓடறீங்க? உமர் சொன்னது, ஆமா, அல்லாஹ்வோட விதியில இருந்து அல்லாஹ்வோட விதிக்குத்தான் ஓடறோம், ஒரு பக்கம் பச்ச ஒரு பக்கம் காஞ்ச பள்ளத்தாக்கு இருந்தா உன் ஒட்டகத்த எங்க மேய விட்டாலும் அது அவன் விதிதானே. பாய் சொல்லிட்டு ஆதார் கார்டு ரெண்டு காப்பி எடுத்துக்கினு போயிட்டாரு, நான் அன்னிக்கு பூரா அந்த ரெண்டு பள்ளத்தாக்குலயே இருந்தேன்.

என் முடிவு என்னான்னா, வாதத்துக்கு ஓக்கம், ஆளுக்கு உமர். ஓக்கம்தான் அந்த "முன்னாடியே"வோட முடிச்ச அவுக்கறாரு, முழுசா அவுக்கலனாலும் மத்தவங்கள விட அதிகமா. ஆனா தத்துவம் படிக்க டைம் இருக்கறவனுக்குத்தான் அது. இன்னிக்கு பேனா புடிக்க வேண்டியவனுக்கு கடவுளுக்கு என்னா தெரியும்ங்கறதுல இருந்து எதுவும் கெடைக்காது, ஏன்னா அவருக்கு தெரிஞ்சது மாமாவுக்கு தெரியாது. கீதையில 11ம் அத்தியாயத்துல எல்லாரையும் ஏற்கனவே நான் கொன்னாச்சு, நீ சும்மா கருவியா இருன்னு சொன்ன அதே கிருஷ்ணன் 18ம் அத்தியாயத்துல எல்லாத்தையும் யோசிச்சு பாரு, அப்புறம் உன் இஷ்டப்படி செய்னு விடறாரு. நடுவுல ஆறு அத்தியாயம் பேசறாரு! கைய புடிச்சு வில்லுல வைக்கல.

இத நான் சுத்தி வளைச்சு சொல்லிக்கினு இருந்தேன், மாமாதான் நேரா வந்தாரு. கூத்து கடைசி நாள் படுகளம், காலையிலயே மைதானத்துல துரியோதனன மண்ணுல செஞ்சு மல்லாக்க படுக்க வெச்சிடுவாங்க, முப்பது நாப்பது அடிக்கு, மீசையும் கண்ணும் பெயிண்ட் அடிச்சு. அப்புறம்தான் வேஷக்காரன் ஓடுவான், அந்த மண்ணு ஒடம்பு மேலயே ஏறி குதிச்சு பீமன்கிட்ட இருந்து தப்பிப்பான், தொடையில அடி விழற வரைக்கும் ஓடுவான். நான் கேட்டேன், செத்த ஒடம்பு அங்க படுத்துக்கினு கீது, அவன் எதுக்கு மாமா ஓடறான், உக்காந்துடலாமேன்னு.

"உக்காந்தா சனங்க கல்லால அடிப்பாங்கடா" அப்டின்னாரு மொதல்ல. அப்புறம் கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு. "வேசம் கட்டினவனுக்கு தெரியும்டா மாப்ள. துரியோதனனுக்கு தெரியாது."

நான் வாய தொறக்கல. ஆனா ஒண்ணு கவனிச்சேன், இத்தன நாளா எல்லாம் அவன் கணக்குன்னு சொன்ன மனுசன், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி ஒண்ணாந்தேதி, அது முடியாம படுக்க மாட்டேன்றாரு, அதுக்கப்புறம் வர்ற செவ்வாக்கெழம வேணாம், புதன்கெழமன்னா யோசிக்கலாம், தறிக்கு நூல் லோடு எறங்கற நாளும் இல்லாம பாத்துக்கணும்னு விரல் விட்டு எண்ணிக்கினு இருக்காரு. சிரசு வரைக்கும் அந்த குடல் மாட்டாம இருக்கணுமேன்னு எனக்குத்தான் அடி வயிறு கலங்குது, வலி வந்து வீக்கம் உள்ள போவலன்னா ஒரு நிமிசம் கூட நிக்காம வண்டி ஏறணும்னு அத்தகிட்ட ரெண்டு தடவ சொல்லி வெச்சிருக்கேன்.

பேனாவ அவரே கேட்டு வாங்கி, தமிழ்ல முழு பேரும் எழுதி கையெழுத்து போட்டாரு, தேதி மட்டும் போடல. பேப்பர மடிச்சு சட்டப் பாக்கெட்டுல வெச்சிக்கினு படியிறங்கினவரு திரும்பி வந்தாரு. "இத்த ரெண்டு ஜெராக்ஸ் போட்டு உங்கிட்ட ஒண்ணு வெச்சிக்க, பஸ்ஸுல எங்கனா தொலஞ்சிட்டா இன்னா பண்றது." காசு குடுக்கல.